நாலு விரல் உயரத்துக்கு ஒரு ஜாக்கி

ஏனுங்க, காலைச் சித்த அந்தப் பக்கம் வெச்சுக்குங்க. சாக்குக்குள்ள இருக்கறது இரும்பு, முப்பத்தஞ்சு கிலோ. வளைவுல உருண்டு வந்து உங்க விரல் மேல உக்காந்துச்சுன்னா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. பல்லடத்துல நீங்க ஏறும்போதே சொல்லியிருப்பேன். நீங்க சன்னல் சீட்டைப் பாத்ததும் என் காலைத் தாண்டிப் போயி உக்காந்துட்டீங்க. போச்சாது, உக்காருங்க.

என்னன்னு பாக்கறீங்களா? ஜாக்கிங்க. காரைத் தூக்கற ஜாக்கி. இதுக்குத்தான் மூணு மாசமா அலைஞ்சேன். கோயமுத்தூர் உக்கடத்துல பழைய சாமான் கடைங்க இருக்குதில்லீங்க, ஒண்ணு விடலை. உள்ள போனதும் நான் பேசமாட்டேன். கையை இப்படித் தரையில வெச்சு நாலு விரலைக் காட்டுவேன். இந்த ஒசரத்துக்குள்ள நுழையற ஜாக்கி இருக்குதா? அவ்வளவுதான் கேள்வி. ஒருத்தனாச்சும் நேராப் பதில் சொல்லோணுமே! "ஏங்க, காருக்கா, கட்டிலுக்கா?"ங்கறான் ஒருத்தன். இன்னொருத்தன் லாரி ஜாக்கியைக் கொண்டாந்து வெச்சு, "இருபது டன் தூக்கும்"ங்கறான். ஏண்டா, இருபது டன் தூக்கி நான் என்ன பண்றது, உங்கடையைத் தூக்கறதா? மொதல்ல உள்ள நுழையோணும்டா. நுழையாத ஜாக்கி எத்தனை டன் தூக்குனா எனக்கென்ன?

இன்னைக்குத்தான் ஒரு கடையில மூலையில கெடந்துச்சு. ரேஸ் வண்டிக்காரங்க வெச்சிருந்ததாமா. நீளமா, தட்டையா, மூணு விரல் ஒசரத்துலயே நுழைஞ்சுரும். கடைக்காரன் கேட்டான், "ஏங்க, இதுக்கு வண்டியையே ஒசத்திக்கலாமில்ல?"ன்னு. வாங்கிட்டுத் திரும்பிக்கூடப் பாக்கலை நான்.

நீங்களும் அதைத்தான் நெனைக்கறீங்க. கார் வெச்சிருக்கறவன் ஏன் ஜாக்கியைத் தூக்கிட்டு பஸ்ஸுல வர்றான்னு. வாயைத் தொறந்து கேக்கலை, மொகத்துலயே தெரியுது. கேளுங்க, சொல்றேன். கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேலன்னு.

என் பேரு பூபதிங்க. தாராபுரத்துல ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கற கடை. ரெண்டு வருசம் முன்னால ஒரு வெள்ளைக் கார் வாங்குனேன், செகண்ட் ஹேண்ட்தான். வாங்கி, கோயமுத்தூர்ல ஒரு ஷெட்டுல விட்டு, ஸ்பிரிங்கையெல்லாம் மாத்தி எறக்குனேன். தரையோட தரையா. புது அலாய் வீல் போட்டேன், கண்ணாடி மாதிரி மின்னும். ரோட்டுல போச்சுன்னா டீக்கடையில உக்காந்திருக்கறவன் எந்திரிச்சுப் பாப்பான். என் வாழ்க்கையில என்னை யாரும் எந்திரிச்சுப் பாத்ததில்லைங்க. அந்த வண்டி வந்தப்புறம்தான் பாத்தாங்க.

ஆனா அந்த வண்டியை எறக்கிக் கொண்டாந்த மொத நாளே ஒருத்தன் வயித்தெரிச்சலைக் கொட்டிட்டான். சிகாமணின்னு பேரு. என் பெரியப்பன் பையன், என்னைவிட எட்டு வயசு மூப்பு. நாலு எருமை வெச்சுப் பால் ஊத்தறவன். எங்கூர்க் கோயிலுக்கு முன்னால ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் நிக்கும்போது, "ஏன் பூபதி, உன் வண்டி நிக்குதா, உக்காந்திருக்குதா?"ன்னு கேட்டான். அத்தனை பேரும் சிரிச்சாங்க. சின்னக் கொழந்தை கூடச் சிரிச்சுது. அன்னையோட பேச்சை நிறுத்திட்டேன். என்ன, சின்ன விசயமா? உங்க வண்டியைச் சொல்லியிருந்தா தெரியும் உங்களுக்கு.

சரி, விசயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரே தங்கச்சி. கோகிலவாணி. வாணின்னு கூப்பிடுவோம். அப்பா அம்மா ரெண்டு பேரும் போயாச்சு. அவளுக்குப் பொறந்த வீடுன்னா நான் ஒருத்தன்தான். இதே ரோட்டுல, செங்காட்டுப் பிரிவுல எறங்கி உள்ள போனா அவளைக் கட்டிக் குடுத்த ஊரு. இன்னும் கொஞ்ச நேரத்துல வரும், காட்டறேன். அவளுக்கு ஒரு பொண்ணு, சஷ்மிதா. மூணு வயசு. அதுக்குக் காது குத்து வெச்சாங்க, மூணு மாசம் முன்னால, அந்த ஊருலயே இருக்கற அவங்க குலசாமி கோயில்ல.

காது குத்துன்னா யாருங்க முக்கியம்? தாய்மாமன். அவன் மடியில உக்கார வெச்சுத்தான் மொட்டை, அவன் மடியில வெச்சுத்தான் காது. பாப்பாவுக்குத் தோடு கூட அவன்தான் கொண்டு வரோணும். கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன் இருக்கறப்ப அந்த மடி என் மடி. அதுல ரெண்டு பேச்சே இல்லை.

விடுவனா நான்? பதினாறடிக்கு எட்டடி ஃபிளெக்ஸ் அடிச்சேன், கோயில் வாசல்ல கட்டறதுக்கு. ஒரு பக்கம் நான், கூலிங்கிளாஸ் போட்டு, கையைக் கட்டிட்டு நிக்கறேன். கீழ முழு நீளத்துக்கும் கார். 'தாய்மாமன் சீர் வருது, வழி விடுங்க'ன்னு எழுத்து. பாப்பா போட்டோவும் இருந்துச்சுங்க, மேல மூலையில, வட்டமா. வாணி பாத்துப்போட்டு, "அண்ணா, பாப்பா எங்கீங்ணா?"ன்னா. "பக்கத்துல போயிப் பாத்தா தெரியும் அம்மிணி"ன்னேன்.

அன்னைக்கு ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் நல்ல நேரம். சீர்த் தட்டெல்லாம் ஏத்திட்டு எங்கூட்டுக்காரியும் ஒறம்பரையும் காலையில ஆறரைக்கே வேன்ல கெளம்பிட்டாங்க. "நீங்களும் பேசாம வேன்லயே வாங்க"ன்னா அவ. அப்பறம் காரை எதுக்கு ஃபிளெக்ஸ்ல போட்டேன்? நான் தனியாக் கார்ல கெளம்புனேன். தனியாத்தான் போகோணும், ஏன்னா நாலு பேர் ஏறுனா அடி தட்டும். தோடு என் சட்டைப் பையில. இதோ பாருங்க, இன்னும் இங்கதான் இருக்குது. இந்த டப்பிதான். சின்னதா, செவப்புக் கல்லு வெச்சது. பாத்துட்டுக் குடுங்க, கீழ போட்றாதீங்க.

குண்டடம் தாண்டி ரெண்டு கிலோமீட்டர், மணி எட்டேகால், டயர் போச்சு.

ஸ்டெப்னி இருக்குதுங்க. காத்தெல்லாம் பக்காவா இருக்குது. ஆனா மாட்டறதுக்கு வண்டி எந்திரிக்கோணுமே! டிக்கியில இருந்த ஜாக்கியை எடுத்துக் கீழ தள்ளறேன், போகலை. முழுசாச் சுருக்கியும் போகலை. டயர்ல காத்து எறங்குனதும் வண்டி இன்னும் படுத்துருச்சு. நாலு விரல்தான் சந்து. வேட்டி சட்டையோட ரோட்டுல படுத்து, ஒரு கண்ணை மூடிட்டுக் கீழ பாத்தா அந்தப் பக்கம் புல்லு தெரியுது, அவ்வளவுதான். பட்டு வேட்டிங்க. மாமன் வேட்டி.

போன் வருது. வாணி. "எங்கீங்ணா வந்துட்டு இருக்கறீங்க?"

"வந்துட்டேன் அம்மிணி, பக்கத்துல வந்துட்டேன்"ன்னேன். வேற என்ன சொல்றது? டயர் பஞ்சர்னு சொன்னா அவ மாமியாக்காரி கேட்டுட்டு நிப்பா. அவளுக்கு என்னைக் கண்டா ஆகாது.

கோழி ஏத்திட்டுப் போற வண்டி ஒண்ணு நின்னுச்சு. டிரைவர் நல்லவனாத்தான் எறங்குனான். அவன் ஜாக்கியைக் கொண்டாந்தான். பாட்டில் மாதிரி நட்டமா நிக்கும் பாருங்க, அது. கொண்டாந்து வண்டிக்குப் பக்கத்துல வெச்சான். வண்டியோட அடி அந்த ஜாக்கிக்கு இடுப்புக்கு வருது. அவன் ஜாக்கியைப் பாக்கறான், வண்டியைப் பாக்கறான். "அண்ணா, இதுக்கு ஜாக்கி இல்லீங்ணா, நெம்புகோல்தான்"ன்னு சிரிச்சான். "சிரிக்கறதுக்குத்தான் நிறுத்துனயா, போடா"ன்னேன். போயிட்டான். கோழியெல்லாம் என்னைப் பாத்துட்டே போச்சு.

அப்பறம் குண்டடத்துல இருந்து ஒரு பஞ்சர் கடைக்காரனைப் போன் போட்டு வரவெச்சேன். பைக்ல வந்தான், மேலு ஒல்லியா, பீடி வாயோட. சுத்திச் சுத்திப் பாத்தான். டீக்கடை ஒண்ணு பக்கத்துல இருந்துச்சு, அங்க ஒடைஞ்ச பெஞ்சுப் பலகை ஒண்ணு சாத்தியிருந்துச்சு. அதைக் காட்டறான். "அண்ணா, அந்தப் பலகையைச் சக்கரத்துக்கு முன்னால போடறேன். வண்டியை எடுத்து மெதுவா அது மேல ஏத்துங்க. ரெண்டு விரல் எந்திரிக்கும். அப்பறம் உங்க ஜாக்கியே நுழைஞ்சுரும். பத்து நிமிஷ வேலை."

நான் கேட்டேன், "காத்தில்லாத டயரை ஏத்துனா என் அலாய் என்னடா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்ணா. ஆனாலும் ஒரு கீறல் விழுகலாம், சொல்ல முடியாது."

ஒரு கீறல் விழுகலாமாம்! அவனுக்கு லேசாப் போச்சு. கோயில் வாசல்ல நூறு பேர் நிப்பாங்க, கீறுன வீலோட போயி நான் எறங்கோணுமா? "பலகையெல்லாம் வேண்டாம். தணிவான ஜாக்கி எங்க கெடைக்கும், அதைச் சொல்லு"ன்னேன். "கோயமுத்தூர்லதான் கெடைக்கும், போயிட்டு வரட்டுங்களா?"ன்னான். நக்கலு. பஞ்சர் ஒட்டறவனுக்கு நக்கலு.

நான் அங்க நின்ன ரெண்டு மணி நேரத்துல செங்காட்டுப் பிரிவுக்கு நாலு பஸ் போச்சுங்க. இதே பஸ் கூடப் போச்சு, இதே டிரைவரு. நின்னு ஆரன் அடிச்சுப் பாத்துட்டுப் போனான். என்னை ஏறச் சொல்லித்தான் அடிச்சான்னு வெச்சுக்குங்களேன். நான் ரோட்டைப் பாத்து நின்னுட்டேன்.

மணி ஒம்பதே கால் இருக்கும். மொபெட் சத்தம். யாருன்னு நெனைக்கறீங்க? சிகாமணி. பின்னால அவன் சம்சாரம், மடியில தேங்காப்பழத் தட்டு. பாத்ததும் வண்டியை ஓரங்கட்டிட்டான். ரெண்டு வருசமாப் பேசாதவன், நேரா வர்றான்.

"என்னாச்சு பூபதி?"

பஞ்சர்க்காரன்தான் சொன்னான். சிகாமணி வாச்சைப் பாத்தான். "நேரம் ஆகுதல்ல. நீ மொபெட்டை எடுத்துட்டுப் போ. நானும் இவளும் பின்னால பஸ்ஸுல வர்றோம். காரு இங்கயே கெடக்கட்டும், எங்க போயிருது? இந்தத் தம்பி பாத்துக்குவாப்ல."

சாவியை நீட்டறானுங்க என்கிட்ட. மொபெட் சாவி. மில்லுல இருந்து எருமைக்குப் பருத்திக்கொட்டை மூட்டை ஏத்திட்டுப் போற மொபெட். ஃபிளெக்ஸ்ல நான் பதினாறடிக் காரோட நிக்கறேன், இவன் மொபெட்ல வந்து எறங்குன்னு சொல்றான். எதுக்குச் சொன்னான்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்குக் கேட்டான்ல, நிக்குதா உக்காந்திருக்குதான்னு. இன்னைக்கு மொபெட்ல என்னைக் கொண்டு போயி எறக்கி, ஊரே பாக்கோணும், அதுக்கு.

"உன் வேலையைப் பாத்துட்டுப் போ"ன்னேன்.

"பாப்பா காத்திட்டிருக்கும், பூபதி. வாணி அழுதுருவா."

"என் தங்கச்சி அழுதா நான் பாத்துக்கறேன். நீ போ."

அவன் சம்சாரம் தட்டை வெச்சுட்டு எறங்கி வந்து, "தம்பி, கோவத்தை அப்பறம் வெச்சுக்கலாம், வாங்க"ன்னு கையைப் புடிச்சுது. உதறிட்டேன். கடைசியா சிகாமணி, "தோட்டையாவது குடு, கொண்டு போயிக் குடுக்கறேன்"ன்னான். பாத்தீங்களா? அங்கதான் வந்தான். தோட்டைக் குடுத்தா மடியும் போச்சு. நான் பையை இறுக்கிப் புடிச்சுட்டு நின்னேன். அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டு, போயிட்டான்.

அப்பறம் நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க ஒரு ஏழெட்டுப் பேர் வந்தாங்க, மம்பட்டியும் சோத்துப் போசியுமா. "ஏஞ்சாமி, என்ன கோளாறு?"ன்னு கேட்டு, "நாங்க ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கறோம், அந்தத் தம்பி சக்கரத்தை மாத்தட்டும்"னு சேலையை இழுத்துச் சொருகிட்டாங்க. நான் வேண்டாம்னுட்டேன். பொம்பளைங்க தூக்கிவிட்ட கார்லயா நான் சீர் கொண்டு போறது? ஒரு கெழவி அந்த வண்டியைக் குனிஞ்சு பாத்துப்போட்டு, "இத்தனை தணிவா எதுக்குச் சாமி வாங்குன, எறங்கி ஏற மண்டி போடோணுமாட்ட இருக்குது?"ன்னுது. அதுங்க சிரிச்சுட்டே போச்சு. சிரிக்கட்டும். எல்லாரும் அன்னைக்குச் சிரிக்கத்தான் அந்த ரோட்டுக்கு வந்தாங்க.

வாணி மறுக்காப் போன் பண்ணுனா. பத்து மணி. இந்தத் தடவை சிகாமணி போயிச் சொல்லிட்டான் போல. "அண்ணா, காரை விட்டுப்போட்டு வாங்கண்ணா. பஸ்ஸுல வாங்க. லாரியில வாங்க. நடந்தாவது வாங்க. உங்களைத்தாங்ணா கேக்கறேன், காரையா கேட்டேன்?"ன்னா. பின்னால மாமியாக்காரி சத்தம், காது குத்தற ஆசாரி சத்தம், பாப்பா அழுகற சத்தம். மொட்டை போட்டு முடிச்சிருந்தாங்க போல. "வந்துட்டே இருக்கேன் அம்மிணி"ன்னேன். ஆனா காரை விட்டுப்போட்டு எப்படிங்க வர்றது?

பத்தரை ஆச்சு. மைல் கல்லு மேல உக்காந்துட்டேன். பஞ்சர்க்காரன் பீடியைக் கீழ போட்டு மிதிச்சுட்டு வந்தான். "நேரந்தான் போயிருச்சுங்களே, இப்பப் பலகையை வெச்சுப் பாக்கலாங்களா?"

"வெச்சுத் தொலை"ன்னேன்.

வெச்சான். ஏத்துனேன். ஜாக்கி நுழைஞ்சுது. பத்து நிமிஷம் கூட ஆகலைங்க, ஸ்டெப்னி மாட்டிட்டான். வீலைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தேன். ஒரு கீறல் இல்லை. அதுதாங்க எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆத்திரம். ஒரு கீறல் விழுந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

கோயிலுக்குப் போறேன், மணி பதினொண்ணே கால். கோயில் திருப்பத்துல வேகத்தடை. ஒரு மொழம் ஒசரம். யார் போட்டாங்களோ, எவன் சொன்னானோ. அவசரத்துல ஏத்திட்டேன், அடியில படார்னுது. ஆயில் ஒழுகுது. ரோட்டுல கறுப்பா கோடு போட்டுட்டே போயி என் ஃபிளெக்ஸுக்கு முன்னால நிக்குது வண்டி. எறங்கறேன். ஒருத்தன் பாக்கலைங்க காரை. எல்லாரும் என் மொகத்தைப் பாக்கறாங்க.

உள்ள போறேன். சிகாமணி மணையில உக்காந்திருக்கான். பாப்பா அவன் மடியில. மொட்டைத் தலையில சந்தனம். காதுல தங்கக் கம்பி. ஒரு காதுல.

வாணி ஓடி வந்து கையைப் புடிச்சா. "அண்ணா, நேரம் முடியறதுக்கு ரெண்டு நிமிஷம் வரைக்கும் காத்திருந்தோம்ணா. மாமியா நேரம் தப்பக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. அதுக்காக ஒரு காது மட்டும் குத்தியிருக்குது. இன்னொண்ணு உங்களுக்குத்தான். தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். வாங்க, உக்காருங்க"ன்னா. சிகாமணியும் எந்திரிச்சுப் பாப்பாவைத் தூக்கி என் பக்கம் நீட்டறான். "வா பூபதி. உன் எடம்தான்."

உக்காருவனா? நீங்க உக்காருவீங்களா, சொல்லுங்க? ஒருத்தன் பாதி சாப்பிட்ட எலையில மீதியை நீ சாப்பிடுன்னு சொல்ற மாதிரி இல்லை? அரைக் காது அவனுக்காம், அரைக் காது எனக்காம். "நல்லாப் பேசி வெச்சுப் பண்ணியிருக்கீங்க எல்லாரும்"னு கத்துனேன். "அவனையே மாமன்னு வெச்சுக்குங்க"ன்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன், அது எதுக்கு இப்ப. வெளிய வந்து என் ஃபிளெக்ஸை நானே கிழிச்சேன். பாப்பா என்னைப் பாத்துட்டு ரெண்டு கையையும் நீட்டுச்சு, மாமான்னு. நான் பாக்கலை. பாத்தேன். பாக்காத மாதிரி வந்துட்டேன்.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்து எங்கூட்டுக்கு முன்னால போட்டாச்சு. அடியில ஆயில் தொட்டி ஒடைஞ்சு கெடக்குது. தூக்குனாத்தான் மாத்த முடியும். தாராபுரத்துல இருக்கற மெக்கானிக் ரெண்டு பேரும், "மொதல்ல ஸ்பிரிங்கைப் பழையபடி மாத்துங்க, அப்பறம் தூக்கறோம்"ங்கறாங்க. மாத்துனா என்னாகும்? சிகாமணி சொன்னது சரின்னு ஆயிரும். மாத்தமாட்டேன். அதுக்குத்தான் இந்த ஜாக்கி. இதை வெச்சுத் தூக்கி, தொட்டியை மாத்தி, அதே காரை அதே ஒசரத்துல ஓட்டிட்டுப் போயி கோயில் வாசல்ல நிறுத்தி, அப்பறம்தான் அந்த இன்னொரு காது. இது நான் போட்ட சபதம்.

மூணு மாசமா அந்தப் புள்ளை ஒத்தக் காதுல கம்பியோட திரியுதுங்க. ஊரே கேக்குதாமா. "ஒரு காதை மறந்துட்டீங்களா?"ன்னு. மாமியாக்காரி தெனமும் சண்டையாமா. வாணிதான் விடமாட்டேங்கறா. சிகாமணி மூணு தடவை என் கடைக்கு வந்தான். வாசல்ல நிப்பான். நான் கம்ப்யூட்டரையே பாத்துட்டிருப்பேன். "வாணி கேட்டுட்டு வரச் சொல்லுச்சு"ம்பான், போயிருவான். நடிப்பு. அவ்வளவும் நடிப்புங்க. நல்லவன்னா எதுக்கு மடியில உக்கார வெச்சான்?

நேத்து ராத்திரி வாணி போன். அழுகலை. அதான் எனக்கு என்னமோ பண்ணுச்சு. "அண்ணா, நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை. மாமியா ஆசாரியை வரச் சொல்லிட்டாங்க. நீங்க வராட்டி சிகாமணியண்ணன் மடியிலயே இன்னொண்ணையும் குத்திருவாங்க. இதுக்கு மேல என்னால முடியலைங்ணா"ன்னா. நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க. நான் சொன்னேன், ஜாக்கி பாத்துட்டு இருக்கேன், ஒரு வாரம் பொறுன்னு. போனை வெச்சுட்டா. ஒரு வாரம் பொறுக்க முடியாதா? மூணு மாசம் பொறுத்தவளுக்கு ஒரு வாரம் என்ன?

இப்ப என்ன அப்படிப் பாக்கறீங்க? எறங்கிப் போனா என்னன்னு தானே? எறங்குனா, இந்தச் சாக்கைத் தோள்ல போட்டுட்டு, பஸ்ஸுல வந்த மாமனா? எல்லாரும் ஒரே மாதிரி பேசறீங்க. பேசாம இருங்க.

அதோ, அந்தப் புளியமரம் தெரியுதில்ல, அதுதான் செங்காட்டுப் பிரிவு. இங்க யாராவது எறங்குவாங்க. நிக்காம போனா நல்லாருக்கும்.

நின்னுட்டான்.

ஏனுங்க... அது வாணி. பச்சைச் சேலை. இடுப்புல பாப்பா. பக்கத்துல மொபெட், அவனும் நிக்கறான். எப்படித் தெரியும் இவளுக்கு? எங்கூட்டுக்காரி போன் பண்ணிப்போட்டா. இந்த பஸ்ஸுலதான் வர்றேன்னு சொல்லியிருப்பா. எல்லாரும் சேந்துட்டாங்க, பாருங்க. ஒவ்வொரு சன்னலாப் பாத்துட்டு வர்றா. நீங்க கொஞ்சம் இப்படித் திரும்பி உக்காருங்க. மறைச்சு. நான் ஜாக்கியை எடுக்கற மாதிரி குனிஞ்சுக்கறேன். உங்க பையை இங்க வெய்யுங்க.

கண்டக்டர் என்னமோ கத்தறான். என்ன? பூபதியா? "தாராபுரம் பூபதின்னு யாருங்க, எறங்கோணுமாம், தங்கச்சி நிக்குது"ங்கறானா? பேசாதீங்க. இங்க பாக்கறானா? இல்லைன்னு சொல்லுங்க. அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவான். சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!

விசில் அடிச்சுட்டான். கெளம்பிட்டானா? இன்னும் பாக்கறாளா? மரம் தாண்டிருச்சா?

சரி. நிமிரலாமா.

சபதம்னா சபதந்தாங்க. அடுத்த வாரம் காரோட வருவேன், நீங்க வேணும்னா பாருங்க. இந்த ஜாக்கி இருக்கறப்ப எனக்கென்ன.

ஏனுங்க, நீங்கதான சன்னல் பக்கம் இருந்தீங்க. பாப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பாத்துருக்கும். முடி கூட அவ்வளவா மொளைச்சிருக்காது, நல்லாத் தெரிஞ்சிருக்கும். அந்த இன்னொரு காது... இன்னும் சும்மாதான் இருக்குதுங்களா?